முடியாதுன்னு சொல்ல ஒரு ஆள்

விலகறாளாம்! கேட்டீங்களா எட்மண்ட், விலகறாளாம்! அஞ்சு வருஷத்துக்கு மேல என்னை நிம்மதியா உக்கார விடல, நிக்க விடல... இப்ப ஈஸ்டர் வந்து வாசல்ல நிக்கற நேரத்துல, ‘கிளெம், உன் டிரஸ்டி வேலை எனக்கு வேணாம், ஈஸ்டருக்குள்ள வேற ஆளைப் பாத்துக்கோ’ங்கறா. எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டா! ஏதோ பேப்பர் போடறவனை நிறுத்தற மாதிரி!

சரி சரி, மெதுவாப் பேசறேன். அதோ அந்த மாவு மேஜையில மூணாவதா நிக்கறா பாருங்க, வெள்ளை முடி, பச்சை ஏப்ரன், கைய விட வாய் வேகமா... ஐயோ, திரும்பாதீங்க! அவளுக்கு முதுகுலயும் கண்ணு உண்டு. அவதான் லொரெட்டா. காலமாயிட்ட என் பொண்டாட்டி ஐரீனோட தங்கச்சி. புருஷன் போயி ரொம்ப வருஷமாச்சு. என் மச்சினி, என் டிரஸ்டி, என் தலைவலி, மூணும் அவ ஒருத்திதான்.

அந்த மூட்டையை இப்படித் தள்ளுங்க. இது முடிஞ்சா இன்னும் நாலு கெடக்கு. நீங்க நம்ம சர்ச்சுக்குப் புதுசு, அதனால சொல்றேன். இந்த அடித்தளத்துல ஒரே ஒரு சட்டம்தான். ஆம்பளைங்க உருளைக்கிழங்கு தோல் சீவணும், பொம்பளைங்க அதை மசிச்சு சீஸ் போட்டு, மாவுல வச்சு மடிச்சுக் கிள்ளணும். இந்தப் பியரோகிக் கொழுக்கட்டையை ஒரு ஆம்பள கிள்ளினா அது தண்ணியில வாயத் தொறந்துக்கும்னு அவங்க நம்பிக்கை. பெரிய வெள்ளி ஆர்டர் இந்த வருஷம் தலைக்கு மேல. இன்னிக்கு சீவறதுதான் கடைசி. இன்னிக்கு விட்டா இனிமே இலையுதிர் காலத்துலதான் இந்த மேஜையில நாம பாத்துக்குவோம். அதான் எனக்கு அவசரம்.

உங்க பீலர் என்ன அழகா ஓடுது! வீட்டுலேர்ந்து கொண்டு வந்ததா? என்னுது மொண்ணை எட்மண்ட், தோலோட பாதி கிழங்கும் போகுது. ஒரு நிமிஷம் குடுங்களேன்... மாட்டீங்களா? சரி. பரவால்ல. அவங்கவங்க பீலர் அவங்கவங்களுக்கு.

எங்க விட்டேன்? ஆங், டிரஸ்டி. இதை ஆரம்பத்துலேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்கு என் நெலமை புரியும்.

ஐரீன் மூணு வருஷம் முதியோர் இல்லத்துல படுத்திருந்தா. நல்ல எடம்தான், குறை சொல்லக் கூடாது. தெனம் சாயங்காலம் போயி பக்கத்துல உக்காருவேன். கடைசில அவளுக்கு யாரையும் தெரியல. என்னைப் பாத்து, ‘பால்காரரே, இன்னிக்கு ரெண்டு பாட்டில் போதும்’னு சொல்லுவா. முப்பது வருஷம் ரொட்டி வண்டி ஓட்டினவனை பால்காரன்னா எப்படி இருக்கும்? ஆனா சொல்லும்போது சிரிச்சா. அதனால நானும் ‘சரிங்கம்மா’ன்னுட்டு வருவேன்.

அந்தப் படுக்கைக்கு மாசம் ஒன்பதாயிரம் டாலர்! ரொட்டி வண்டி ஓட்டி, அவ தையல் ஃபேக்டரியில தச்சு, நாங்க சேத்த பணம் வெயில்ல வச்ச ஐஸ் மாதிரி போச்சு. அரசாங்கம் குடுக்கும், மெடிக்கெய்டுன்னு, இல்லேன்னு சொல்லல. ஆனா முதல்ல உங்க கையில இருக்கறது கரையணும். எனக்குன்னு ஒரு பங்கு விட்டு வச்சாங்க, வீட்டையும் நான் குடியிருந்ததால தொடல. சரி, நாளைக்கு நான் படுத்தா? ஒண்டிக்கட்டைக்கு யார் இருக்கா? இருக்கற வரைக்கும் அரசாங்கம் குடுக்கும், நான் கண்ணை மூடினதும் ‘ஐயா, நாங்க குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கறோம்’னு வீட்டு வாசல்ல வந்து நிக்கும். என் மக மார்சிக்குன்னு நான் விட்டுட்டுப் போறது அந்த வீடும், மேல காட்டுக்குள்ள மான் வேட்டைக்குப் போற ஒரு மரக்கொட்டாயும், பாங்க்குல கொஞ்சமும்தான். அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

அதனால வக்கீல்கிட்ட போனேன். நல்ல பையன், நெத்தி ஏறிடுச்சு, ஆனா பையன்தான். அவன் சொன்னான், ‘மிஸ்டர் யுர்கானின், இதை ஒரு பெட்டின்னு வச்சுக்கங்க. வீடு, கொட்டாய், பாங்க்குல இருக்கறது, எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுப் பூட்டறோம். அதுக்குப் பேர் டிரஸ்ட். சாவு வரைக்கும் அந்த வீட்டுல நீங்க குடியிருக்கலாம், ஆனா சாவி உங்ககிட்ட கிடையாது. அஞ்சு வருஷம் நீங்க படுக்காம இருந்துட்டா, அரசாங்கம் பின்னாடி திரும்பிப் பாக்கற தூரத்தை அந்தப் பெட்டி தாண்டிடும். அப்புறம் அது உங்க சொத்துன்னு யாரும் சொல்ல முடியாது.’

‘சாவி யார்கிட்ட?’ன்னேன்.

‘அங்கதான் முக்காவாசிப் பேர் கோட்டை விடறாங்க’ன்னான். ‘சாவி வச்சிருக்கறவருக்குப் பேர் டிரஸ்டி. நீங்க கேட்டு அவங்க எடுத்துக் குடுத்துட்டா, அது பெட்டியே இல்ல, உங்க சட்டைப் பைதான்னு ஆயிடும். அதனால அன்பான ஆளா பாக்காதீங்க. நீங்க வாசல்ல நின்னு அழுதாலும் கதவைச் சாத்தற ஆள் யாராவது உங்க சொந்தத்துல உண்டா?’

மார்சி ஆக மாட்டா. நான் பெத்த பொண்ணு, தங்கம். ஆனா ஒருதடவை அரிசோனாவுலேர்ந்து கார் ஓட்டிக்கிட்டு வந்திருந்தா. நான் சும்மா, வாய் தவறி, ‘உன் கார் நல்லாருக்கே’ன்னுட்டேன். மறுநாள் பாத்தா சாவி சாப்பாட்டு மேஜை மேல இருக்கு, அவ பஸ்ல ஊருக்குப் போயிட்டா. அரிசோனாவுக்கு! பஸ்ல! அவ கையில பெட்டிச் சாவி இருந்தா, நான் தும்மினா கைக்குட்டைக்குப் பதிலா கொட்டாயை வித்துப் பணம் அனுப்புவா.

எழுந்துக்கறீங்களா? காப்பிக்கா? அப்படியே எனக்கும் ஒண்ணு, பால் விட்டு...

...ஒரு கப்புதான் கொண்டு வந்தீங்களா. உங்களுக்கு மட்டும். இல்ல இல்ல, தப்பில்ல. கேட்டது என் தப்பு.

யாரை டிரஸ்டியா போடறதுன்னு நான் யோசிக்கவே இல்ல எட்மண்ட். வக்கீல் கேட்ட மாத்திரத்துல என் கண்ணு முன்னாடி வந்தது ஒரே ஒரு மொகம். ஏன்னு கேளுங்க. கேக்கலேன்னாலும் சொல்றேன்.

எங்க கல்யாணம் இதே ஹால்லதான். மேல, இப்ப பிங்கோ ஆடறாங்களே அங்க. ராத்திரி கடைசில பொண்ணு ஆட்டம் வந்துச்சு. உங்க பக்கமும் உண்டுதானே? தோழி ஏப்ரனை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிப்பா, வரிசையில வர்றவன் ஒவ்வொருத்தனும் அதுல ஒரு டாலரைப் போட்டு, ஒரு மடக்கு விஸ்கி குடிச்சு, பொண்ணோட ஒரு சுத்து ஆடிட்டுப் போவான். அன்னிக்கு ஏப்ரன் பிடிச்சவ லொரெட்டா. பத்தொன்பது வயசு. ஒரு மாமா அரை டாலர் காசைப் போட்டாரு. அவ அதை எடுத்து அவர் கையிலயே திருப்பி வச்சு, ‘மாமா, இது சர்ச்சு உண்டியல் இல்ல’ன்னா. அவருக்கு மொகம் செத்துப் போச்சு.

கடைசில மாப்பிள்ளை வரணும். என்ன வழக்கம்? மாப்பிள்ளை கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்து, பர்ஸை அப்படியே ஏப்ரன்ல வீசிட்டு, பொண்ணைத் தூக்கிக்கிட்டு ஓடணும். எல்லாரும் கை தட்டணும். நானும் வீசினேன், ஐரீனைத் தூக்கிட்டேன். இவ என்ன பண்ணா? பர்ஸைப் பிரிச்சுப் பாத்தா! இருநூறு பேர் முன்னாடி! அதுல ரெண்டு டாலர்தான் இருந்துச்சு. மிச்சத்தை நான் ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன், ஹனிமூனுக்கு. ‘ரெண்டு டாலருக்கு என் அக்காவா? எறக்கி விடு’ன்னா. அக்கார்டியன் வாசிக்கறவன் சிரிச்சுச் சிரிச்சு வாசிப்பை நிறுத்திட்டான். நான் பொண்ணை எறக்கி விட்டு, நடு ஹால்ல உக்காந்து ஷூவைக் கழட்டினேன் எட்மண்ட்!

இப்பச் சொல்லுங்க, சாவியை வேற யார்கிட்ட குடுப்பேன்?

குடுத்தேன். அன்னிக்கு ஆரம்பிச்சுது கிரகம். மாசா மாசம் முதல் சனிக்கிழமை வந்துடுவா, ‘பெட்டியைப் பாக்க வந்தேன்’னு. கூரையைப் பாப்பா, தண்ணிக் குழாயைப் பாப்பா, கீழ எறங்கி டார்ச் அடிச்சு கணப்பு அடுப்பைப் பாப்பா. ‘இந்தச் சுவத்துல ஆணி யார் அடிச்சா?’ம்பா. என் வீடு! என் சுவர்! என் ஆணி! ‘உன் ஆணிதான் கிளெம், ஆனா சுவர் டிரஸ்டோடது’ம்பா. அப்புறம் என் சமையக்கட்டுல உக்காந்து நான் வறுத்த கில்பாசா சாசேஜைச் சாப்பிட்டுட்டு, உப்பு கூடம்பா.

ட்ரக் கதை கேளுங்க. மெயின் ரோடு ஷோரூம்ல ஒரு சிவப்பு ட்ரக் நின்னுச்சு. செர்ரிப்பழச் சிவப்பு. ஓடிப் போயி இவ கதவைத் தட்டினேன். ‘லொரெட்டா, பெட்டியிலேர்ந்து கொஞ்சம் எடு’ன்னேன்.

‘எதுக்கு?’

‘ட்ரக்.’

‘உன் வயசுல ட்ரக்ல எதை ஏத்தப் போற?’

‘என் பணம்டீ அது!’

‘உன் பணமா இருந்துச்சு’ன்னா. சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டா. கோவமாக்கூட இல்ல, அடுப்புல சூப் கொதிச்சுதாம்.

பனி தள்ற மெஷின் கேட்டேன், முடியாது. கொட்டாயை வித்துட்டு ஃப்ளோரிடாவுல ரெண்டு மாசம் காலை நீட்டிக்கலாம்னேன், முடியாது. வராண்டாவை இடிச்சுக் கண்ணாடி ரூம் கட்டலாம்னேன். அதுக்கு முடியாதுன்னுகூடச் சொல்லல, என் நெத்தியைத் தொட்டுப் பாத்தா.

என்ன வேடிக்கைன்னா, அந்த அஞ்சு வருஷமும் நான் ஒடையாம இருக்கணும். நடுவுல விழுந்து இடுப்பை ஒடச்சுக்கிட்டு இல்லத்துல போய்ப் படுத்தேன்னா, பெட்டிக்குள்ள போட்டதையெல்லாம் அரசாங்கம் திரும்பிப் பாக்கும். அதனால நான் கண்ணாடிச் சாமான் மாதிரி நடந்தேன். ஏணி மேல ஏறல. ஐஸ் மேல நடக்கறப்ப ஷூவுல ஆணிப் பட்டை. பிக்னிக்ல போல்கா வாசிச்சா நாற்காலியில உக்காந்தபடியே ஆடினேன். அதுக்கும் அவ தூரத்துலேர்ந்து வெரலை ஆட்டினா, ‘தோள் ரொம்பக் குலுங்குது’ன்னு.

அந்தப் பொட்டலத்துல டோனட் ரெண்டு இருக்கு போலிருக்கே. ஒண்ணு... ஓ. ரெண்டும் உங்களுக்கே வேணுமா. சரி சரி, மூடிக்கங்க.

போன அக்டோபர்ல அஞ்சு வருஷம் முடிஞ்சுது. முடிஞ்சுது எட்மண்ட்! வீடு தப்பிச்சுது! நான் தப்பிச்சேன்! அரசாங்கத்தை நான் ஒண்ணும் ஏமாத்தல, சட்டத்துல இருக்கற வழிதான், வரியும் நான்தான் கட்டறேன். மார்சி ஃபோன்ல அழுதா. இனிமே நான் ஏணி ஏறலாம், விழலாம், படுக்கலாம், எல்லாம் என் இஷ்டம்.

ஆனா பெட்டி தெறந்துக்கறது இல்ல பாருங்க. அது நான் கண்ணை மூடற வரைக்கும் பூட்டியே இருக்கணும், சாவிக்கு ஒரு ஆள் இருக்கணும். இவ விலகினா, பத்திரத்துல அடுத்த பேர் யாரு தெரியுமா? மார்சி! தங்கம்! நான் என்னை நம்ப மாட்டேன் எட்மண்ட். அவகிட்ட சாவி போன அன்னிக்கே நான் ஃபோனை எடுத்துடுவேன், அடுத்த ஞாயித்துக்கிழமை சிவப்பு ட்ரக்குலதான் சர்ச்சுக்கு வருவேன். அப்புறம் ஒருநாள் நான் படுப்பேன், பெட்டி சட்டைப் பையா போயிருக்கும், வீடும் போயிருக்கும், அந்தப் பொண்ணு வெறும் ட்ரக்கைப் பாத்துக்கிட்டு நிக்கும். இத்தனை வருஷம் நாற்காலியில போல்கா ஆடினது எதுக்கு?

பாங்க்கையே டிரஸ்டியா போடலாம்னா அவங்க கேக்கற கூலிக்கு பெட்டியே காலியாயிடும். அதனால ஊர்ல ஆள் தேடினேன். எப்படித் தேடினேன்? சுலபம். பக்கத்துல போயி, ‘இருபது டாலர் கைமாத்தா குடு’ன்னு கேட்டேன். ‘இல்ல, போ’ன்னு சொல்றவன்தான் என் ஆள்னு கணக்கு. முதல்ல பார்னிகிட்ட கேட்டேன், அதோ அடுப்புகிட்ட தண்ணி கொதிக்க வைக்கறானே, அவன்தான். நாப்பதா குடுத்துட்டான், ‘திருப்பித் தர வேணாம் கிளெம்’னு தோளைத் தட்டிக் குடுத்துட்டு! முடிவெட்டறவன்கிட்ட கேட்டேன், அவன் இருபதையும் குடுத்து முடியையும் சும்மா வெட்டி விட்டான். பஸ் டிரைவர் குடுத்தான். மீன் கடைக்காரி, பேரே கஞ்சம்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க, அவளும் குடுத்தா. அவ குடுத்துட்டு, எனக்கு ஒடம்புக்கு ஏதோன்னு நெனச்சு வீட்டுக்கு மீன் சூப் வேற அனுப்பினா. ஒரே வாரத்துல நூறு டாலர் லாபம் எனக்கு! இப்ப வீடு வீடா போயி எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துக்கிட்டிருக்கேன், வாங்க மாட்டேங்கறாங்க. இந்த ஊர்ல எல்லாரும் நல்லவங்க எட்மண்ட். அதான் தொல்லை. ஒரு மனுஷனுக்கு நல்லதா நாலு வார்த்த ‘முடியாது’ன்னு சொல்ல ஆள் இல்ல.

அது கெடக்கட்டும். உங்ககிட்ட ஒரு பத்து டாலர் இருக்குமா?

...இல்லையா, இருந்தும் தர மாட்டீங்களா? ...இருந்தும் தர மாட்டீங்க. ம்.

என்ன, என்னையே பாக்கறீங்க? ஏதோ கேக்கணுமா? ...அவ ஏன் விலகறாங்கறீங்களா?

அது... அந்தக் கிழங்கு பச்சையா இருக்கு பாருங்க, அதைத் தனியாப் போடுங்க.

சொல்றேன். சொல்றேன்யா. இப்படி முறைக்காதீங்க.

அந்த முதல் சனிக்கிழமைங்க இருக்கே எட்மண்ட்... முதல் வருஷம் அவ வர்ற அன்னிக்கு நான் வேணும்னே வெளிய போயிடுவேன். ரெண்டாவது வருஷம், குறை சொல்லுவாளேன்னு வெள்ளிக்கிழமையே வீட்டைக் கூட்டினேன். மூணாவது வருஷம் ஷேவ் பண்ண ஆரம்பிச்சேன். ஏன்னு என்னை நானே கேட்டுக்கல. நாலாவது வருஷம்... எனக்கு ட்ரக்கே வேணாம்யா. சிவப்பு ட்ரக்கு ஷோரூம்லேர்ந்து வித்துப் போயி எவ்வளவோ நாளாச்சு. ஆனாலும் நான் மாசா மாசம் கேப்பேன். ‘லொரெட்டா, அந்த ட்ரக்கு...’ன்னு இழுப்பேன். அவ பர்ஸை மடியில வச்சுக்கிட்டு, கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்து, ‘முடியாது கிளெம்’பா. அந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தான் நான் மாசம் பூரா புதுசு புதுசா எதாவது யோசிச்சு வச்சேன். மோட்டார் படகு, குதிரை, ஒருதடவை அக்கார்டியன்கூட. எனக்கு விசில்கூட ஒழுங்கா வராது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை. வெளிய பனி. கீழ கணப்பு அடுப்பைப் பாக்க எறங்கினோம். அவ டார்ச் பிடிச்சிருக்கா, நான் மூடியைத் தெறக்கறேன். வழக்கம் போல, ‘இந்த மாசம் என்ன கேக்கப் போற?’ன்னா. படகா, குதிரையான்னு சிரிக்கறா. நான் மண்டிபோட்டபடி இருந்தேன், மூடி கழட்ட. எழுந்துக்க முட்டி வரல. அதே நெலைமையில சொல்லிட்டேன். ‘உன்னைக் கேக்கறேன்’னேன்.

டார்ச்சு ஆடலை. அப்படியே என் மூஞ்சியிலயே அடிச்சுக்கிட்டு, ‘மடையா, நான் உன் டிரஸ்டிடா’ன்னா.

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. மேல ஏறிப் போயி, என் சமையக்கட்டு ஃபோன்லயே வக்கீலைக் கூப்பிட்டா. சனிக்கிழமை! வீட்டுல புள்ளைங்களோட இருந்தவனை! அவன் என்ன சொன்னான்னா, பொண்டாட்டி சாவி வச்சிருந்தா அது புருஷன் சட்டைப் பையில இருக்கற மாதிரிதான்னு அரசாங்கம் சொல்லும், வம்பை வெலைக்கு வாங்காதீங்கன்னான். அவளோட வீடு பத்தியும் கேட்டுக்கிட்டா, விவரமானவ. அது எனக்கு முன்னாடியே இதே மாதிரி ஒரு பெட்டிக்குள்ள போயாச்சு, அவ பொண்ணு சாவி வச்சிருக்கா, அதுல தொல்லை இல்ல. இருக்கற தொல்லை ஒண்ணே ஒண்ணுதான். அது நான் அஞ்சு வருஷம் முன்னாடி பேனாவை எடுத்து நானே கையெழுத்துப் போட்டு, நானே தேடிக்கிட்ட தொல்லை. உலகத்துலயே எனக்கு முடியாதுன்னு சொல்ற ஒரே பொம்பளையைப் பிடிச்சு, சாவியைக் குடுத்து உக்கார வச்சேன். இப்ப அவ சரின்னு சொல்லணும்னா, முதல்ல அவ கையிலேர்ந்து சாவியை வாங்கணும்!

‘ஈஸ்டருக்குள்ள ஆளைக் கண்டுபிடி’ன்னா. ‘தவக்காலத்துல யாரும் கல்யாணம் பேசறது இல்ல, அது வரைக்கும் உனக்கு டைம். ஆனா ஒண்ணு கிளெம். உன்னைப் பாத்து மொகத்துக்கு நேரா முடியாதுங்கறவனா இருக்கணும். பார்னி மாதிரி ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வந்தே, நான் சாவியோடயே சாவேன், மார்சி வீட்டை நான் பணயம் வைக்க மாட்டேன்.’ பாத்தீங்களா? அவளுக்கு என்னை... சரி, வேணாம், அவ வாயால சொல்லல. ஆனா போகும்போது சாசேஜ்ல உப்பு சரியா இருக்குன்னா. இத்தனை வருஷத்துல முதல் தடவை.

உங்க வண்டி வெளிய நிக்குதில்ல? போகும்போது என்னை வீட்டுல எறக்கி விட...

தெரியும்! தெரியும்! மாட்டீங்க!

எட்மண்ட், நான் ஒண்ணு சொல்லிடறேன். நான் இந்த நாற்காலியில தற்செயலா வந்து உக்காரல. டர்ன்பைக்குல, சுங்கச் சாவடியில உக்காந்திருந்தது நீங்கதானே? மூணாவது கூண்டு? ரொம்ப வருஷம் முந்தி ஒருநாள் விடியற நேரம் ஒரு ரொட்டி வண்டி வந்துச்சு. கால் டாலர் கொறஞ்சுது. வண்டிக்காரன், ‘நாளைக்குத் தரேன் சார், ரொட்டி சூடா இருக்கு, ஒண்ணு எடுத்துக்கங்க’ன்னு கெஞ்சினான். கூண்டுக்குள்ள இருந்த ஆள் தலையை மட்டும் இப்படி, மெதுவா, ரெண்டு பக்கமும் ஆட்டினாரு. பின்னாடி வரிசையா ஹார்ன் அடிக்கறாங்க, நான் சீட்டுக்கு அடியில தலையை விட்டுக் காசு தேடறேன். கெடச்சுது. தூசியோட குடுத்தேன். நீங்க அதைத் தொடச்சு வாங்கி வச்சுட்டு, ரொட்டியைத் திருப்பிக் குடுத்தீங்க. அன்னிக்கு உங்களை நான் திட்டின திட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உண்டியல் வந்தப்ப நீங்க தலையை ஆட்டினதைப் பாத்தேன், அந்தத் தலைதான்னு புரிஞ்சுது. ஆண்டவரே, அனுப்பிட்டியேன்னு நெனச்சேன்.

ஆனாலும் வயசு ஆளை இளக்கிடும், ஒருதடவை சோதிச்சுடலாம்னுதான் வந்து உக்காந்தேன். பீலர் கேட்டேன், தரல. காப்பி, டோனட், பத்து டாலர், வண்டி... எதுக்கும் அசையல! பார்னியா இருந்தா இந்நேரம் அவன் சட்டையே என் மேல இருக்கும்.

அதனால நேராக் கேக்கறேன். என் டிரஸ்டியா இருப்பீங்களா?

...தலையை ஆட்டறீங்க. அதான்! அதேதான்! இதுக்குத்தான் உங்களைத் தேடினேன்! இல்ல, இருங்க, எழுந்துக்காதீங்க... எட்மண்ட்... பீலரைத் தொடச்சு உறையில போடறீங்களே... டோனட்டையும் எடுத்துக்கிட்டீங்க... ஐயா, மூணு மூட்டை பாக்கி இருக்கு... ஒரு கெழவன் கல்யாணம்யா...

என்ன? கேக்கல, கொஞ்சம் சத்தமா... ‘ட்ரக் கெடையாது’ங்கறீங்களா?

நான் இன்னும் ட்ரக்கே கேக்கலையே! ...படகும் கெடையாதா? ...குதிரையும்? ...மாசா மாசம் முதல் சனிக்கிழமை வந்து பாப்பீங்க... சாசேஜ் வேணாம், சாப்பிட்டுட்டு வருவீங்க...

லொரெட்டா! ஏய் லொரெட்டா! மாவை வச்சுட்டு இங்க வா! ஆள் கெடச்சாச்சு! அந்த ஏப்ரனைக் கழட்டி இவர் கையில குடு!